புல்லுக்கு அடியில் என் முகம்

12 அக்., ஞாயிறு
விடிந்ததிலிருந்து மழை. இதில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முருகன் மேல் ஆணையிட்டு அறிவித்துக்கொள்கிறேன். பினாங்கைச் சுற்றி ஏற்கெனவே கடல் உண்டு. பாயா தெருபோங் மேட்டில், என் வீட்டு முற்றத்தில், இந்த மாத மழையில் இன்னொரு கடல் பிறந்தது. ஃபெரி விடலாம். திமிங்கிலம் இன்னும் வரவில்லை, வழியில் ஜாம் போல.

முற்றம் முழுக்க செயற்கைப் புல். என் பொற்கரங்களால் விரித்தது. என் மனைவி கமலாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும், சமமான, வழுக்காத இடத்தில் தினமும் நடக்கணும் என்றார் டாக்டர். மலைச்சரிவில் சமமான இடத்துக்கு எங்கே போவது? வாசல் ரோட்டில் ஆடே யோசித்துத்தான் இறங்கும். ஆகவே புல்.

இப்போது கால் வைத்தால் சளக். போன வாரம் கமலாவின் கைத்தடி வழுக்கிவிட்டது. சுவரைப் பிடித்து நின்றாள், விழவில்லை. முருகா, கோடி நன்றி. அன்றிலிருந்து ஹாலில்தான் நடை, டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்.

இருபதாம் தேதி தீபாவளி. வருஷா வருஷம் கேட்டில் நின்று எல்லாரையும் அழைப்பவள் அவள். இன்று பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டே, “இந்த வருஷம் நீங்களே நில்லுங்க. நான் உள்ள நாற்காலியில இருக்கேன்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

13 அக்., திங்கள்
வெயில். கடல் வற்றவில்லை. வாளி, துடைப்பம், மாப். சாத்தே இறைச்சி கோக்கும் குச்சியால் புல்லில் குத்திப் பார்த்தேன். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர்தான் இறங்க மறுக்கிறது. பிடிவாதம், என் மாமனார் மாதிரி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானுக்குப் போன். தங்கச்சி மகள் தேவி. அங்கே ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. அவள் பார்வைக்குத் தப்பிய சாமான் கிடையாது, மனுஷனும் கிடையாது. புல்லுக்கு அடியில் என்ன போட்டீங்க என்று கேட்டாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மறுபடி அதையே கேட்டாள்.

சொன்னேன். லாலான் புல் முளைக்காமல் இருக்க, எங்கள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் பழைய பேனர்கள். ஒவ்வொன்றும் கப்பல் பாய் அளவு. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத சரக்கு, சும்மா கிடந்தது.

“அது தண்ணியே இறங்காத சாமான்லா, மாமா.”

15 அக்., புதன்
தூறல். தேவி லீவு போட்டுப் பாலம் தாண்டி வந்துவிட்டாள். தங்கம். கீழ் வீட்டு பாக் டின்னும் ஏறி வந்தார். நம் முற்றத்துத் தண்ணீர் அவர் கோழிக்கூண்டில் சொட்டுகிறதாம். கோழிகள் நீச்சலில் மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டன (இது அவர் சொன்னதல்ல).

மூவருமாகப் புல்லைச் சுருட்டினோம். அடியில் நான். ஆளுயரத்துக்கு, கை கூப்பி, ‘பக்த கோடிகளே வருக வருக’. மீசை மேல் ஒரு தவளை.

தேவி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். பாக் டின் குனிந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: “அண்ணே, தைப்பூசம் முடிஞ்சும் பந்தலை மூடலையா?”

ஜன்னலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். கமலா. மூச்சு வாங்கும் அளவுக்கு. கேட்டு எத்தனை நாளாச்சு. இதற்காக இன்னும் பத்து பேனரில் என் முகத்தைப் புதைக்கத் தயார்.

பேனரை எடுத்தும் தீரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மலை. மேட்டில் விழும் மழையெல்லாம் சரிவின் அடியில் கசிந்து முற்றத்துக்குத்தான் வருகிறது. அங்கேயே மறித்து ஓரத்து லோங்காங் சாக்கடையில் விட்டால்தான் வழி என்றாள் தேவி.

வாங்க: ஓட்டை போட்ட பைப். அதைச் சுற்றத் துணி (மண் அடைக்காமல் இருக்க). ஜல்லிக்கல். முறுக்குக்கு உளுத்தமாவு. என் இடுப்புக்குக் கோயோ பிளாஸ்டர்.

17 அக்., வெள்ளி
காலையில் சரிவின் அடியில் வாய்க்கால் தோண்டினேன். சூயஸ் கால்வாய் இதில் பாதி இருக்கும். தொழுகை முடிந்து பாக் டின் சாங்கோல் மண்வெட்டியோடு வந்தார். நான் தோண்டியது போல நாலு மடங்கு தோண்டிவிட்டு, நல்லாத் தோண்டியிருக்கீங்க என்று என்னைப் பாராட்டினார். மனுஷன்.

சாயங்காலம் தேவியும் வந்தாள். பைப்பைப் பதித்து, ஜல்லி கொட்டி மூடினோம். பிறகு முற்றத்து மண்ணைச் சீவி, கல் பரப்பி, இடித்து இறுக்கினோம். கமலா வாசலில் நாற்காலி போட்டு மேஸ்திரி வேலை. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து உருட்டிவிடச் சொன்னாள். உருண்டது. நேராக அவள் காலடிக்கு.

“பழம் வந்த வழியிலதாங்க தண்ணியும் வரும். மறுபடி சீவுங்க.”

மறுபடி சீவினோம். மறுபடி பழம். அதற்கப்புறமும் ஒரு தடவை. கடைசியில் பழம் யோசித்து, மெல்ல லோங்காங் பக்கம் போனது. நடப்பவள் காலுக்குத் தெரியாத, தண்ணீருக்கு மட்டும் தெரிகிற சரிவு.

பழம் இரவு ரசத்தில்.

18 அக்., சனி
மேகம். புல்லை விரித்தாச்சு. பேனர் பாக் டின் கோழிக்கூண்டுக்குக் கூரையானது. இனி அவர் கோழிகளை வருக வருக என்பது நான்.

19 அக்., ஞாயிறு
மத்தியானம் மழை. சும்மா மழையா, வானத்துக்கு அடைப்பே திறந்துகொண்ட மாதிரி. நானும் கமலாவும் வாசலில். ஓரத்தில் லோங்காங் சத்தம், குடுகுடுவென்று. மழை விட்டதும் இறங்கிக் கால் வைத்தேன். சளக் இல்லை. எலுமிச்சம்பழத்துக்கு நன்றி. சாங்கோலுக்கு நன்றி. தேவிக்கு, பாக் டின்னுக்கு, ஆபரேஷன் செய்த கைகளுக்கு.

நாளைக்குக் கேட்டில் நிற்பாயா என்று கமலாவை நான் கேட்கவில்லை. மாலையில் அவளே புதுச் சேலையை எடுத்து அயர்ன் போட்டாள்.

20 அக்., திங்கள், தீபாவளி
எண்ணெய்க் குளியல். நல்ல வெயில். முதல் விருந்தாளி பாக் டின்னும் மனைவியும். கேட் சத்தம் கேட்டு நான் முறுக்குத் தட்டோடு வருவதற்குள் கமலா முற்றத்தில் பாதி தூரம் போய்விட்டாள். “வாங்க, வாங்க” என்று குரல் மட்டும் முன்னால்.

கடல், ஃபெரி, சூயஸ், நீச்சல் கோழி எல்லாம் புளுகு. ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். தட்டை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன், கேட் வரைக்கும். அவள் வாசலிலேயே விட்டுப்போன கைத்தடி என் கையில்தான் இருந்தது.