புளி அரித்த தாமரைப் பீடம்

செயற்கைக் கல்லை உலகுக்குத் தந்த என் ஆசானே,

நீங்கள் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. யாங்கோனில் வேதியியல் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் உங்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். இன்று எழுதக் கூசுகிறது.

மணலைச் சிலிகேட் கரைசலில் பிசைந்து, அச்சில் அழுத்தி, கால்சியம் உப்பு நீரில் ஊறவைத்துக் கல்லாக்கினீர்களே, அந்தக் கல்லில் செய்த தாமரைப் பீடம் ஒன்று எங்கள் கோயில் வாசலில் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த முன்னோர் கப்பலில் வரவழைத்தது. எத்தனையோ மழைக்காலம் கண்டும் ஓர் இதழ் உதிரவில்லை. நான் உதிர வைத்தேன்.

திருவிழாவுக்கு முன் பாத்திரம் விளக்கும் நாள். யாருக்கு எந்த வேலை என்று பட்டியல் போட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நகரின் தாகேதா பகுதியிலிருந்து வரும் மா கின், தாய் பர்மியர், தகப்பன் தமிழர், குத்துவிளக்கு தேய்த்த புளியோடு வந்து நின்றாள். ஆசிரியரைப் பர்மியில் அழைக்கும் 'ஸயா' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"ஸயா, புளி மிச்சம் இருக்கு. பாசி புடிச்ச பீடத்துக்கும் அப்பலாமா?"

பட்டியலிலிருந்து தலை தூக்காமல், "அப்பும்மா" என்றேன். அமிலம் அந்தக் கல்லை அரிக்கும் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான்.

புளி மறுநாள்வரை அப்படியே கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்தபோது இதழ்களின் விளிம்பு மணலாகக் கையோடு வந்தது.

தர்மகர்த்தா கத்தினார். "வௌக்கச் சொன்னா பீடத்துல ரசமா வச்சே? யாரு சொன்னா உனக்கு?"

"ஸயாகிட்ட..." என்று தொடங்கிய மா கின் என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் மிச்சத்தைச் சொல்லவில்லை. இனிக் கோயில் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போதும் வெள்ளிதோறும் பூ கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறாள். போன வாரம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரித்தாள்.

"ஸயா வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. எனக்கு யாரு நிக்கப்போறா? விடுங்க."

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. கலவை தவறியபோதெல்லாம் நீங்கள் என்ன செய்தீர்கள்? பக்கத்தில் நின்றவர்மேல் பழி போட்டீர்களா? நான் நடத்திய புத்தகத்தில் அது இல்லை.

வரும் வெள்ளி பூசை முடிந்ததும் சொல்லப்போகிறேன். அவள் பூவைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு சொல்வது எனக்குச் சுலபம். அதனாலேயே அப்படிச் செய்யமாட்டேன். வாசலில் காத்திருந்து, அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய், எல்லாரும் இருக்க, அவள் காதுபடச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் முகம் காணாத, பாடம் மறந்த
மாணவன்