படிவத்தில் நான் குறி போட்ட கட்டம்

பிப்ரவரி 9, செவ்வாய்

அன்பு மகன் ரோத்ரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், அப்பா அறைக்குள் மட்டும். நீயும் ஆனாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று இரண்டு வேளை ஜெபத்திலும் உங்கள் பெயரைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் எழுதுகிறேன். ஜனவரி பதினான்காம் தேதி வியாழக்கிழமை நம் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கே பேர்: நான், அப்பா, டெக்வென் அத்தை, வீடு விற்றுத்தரும் கம்பெனியிலிருந்து வந்த பியூ. வேறு யாரும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம், அன்று யார் என்ன பேசினார்கள் என்று தெருவில் இப்போது பத்து விதமாகக் கதை நடக்கிறது.

வீட்டை ஏன் விற்கிறோம் என்பது உனக்குத் தெரியும். வாசலிலிருந்து சாலைக்கு ஐம்பத்து மூன்று படி. நவம்பரிலிருந்து அப்பா இரண்டே முறைதான் கீழே இறங்கினார், இரண்டு முறையும் ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்தவருக்கு இனி சமதரையில் ஒரு வீடு வேண்டும், ஆஸ்பத்திரிப் பக்கமாக. ஜனவரியில் விற்பனைப் பலகை நட்டது அப்பாவின் யோசனை. நம் தெருவில் எல்லாரும் குளிர்காலத்தில்தான் விற்கிறார்கள், அதை நீ சின்ன வயதில் கவனித்திருக்க மாட்டாய். சுவருக்கடியில் வேர் விட்டு அஸ்திவாரத்தையே பெயர்த்துவிடும் என்று ஊரே பயப்படும் அந்த ஜப்பான் செடி நவம்பரில் காய்ந்து வெறும் குழலாக நிற்கும், வாரி எடுத்து மண்ணைக் கிளறிவிட்டால் ஏப்ரலில் சிவப்பு முளை வரும்வரை ஒரு தடயமும் இருக்காது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நமக்கு விற்ற கிழவரும் டிசம்பரில்தான் விற்றார், முதல் ஏப்ரலில் அப்பா அவரைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

விற்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் அந்தச் செடிக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. நாட்வீட் என்று பெயர் போட்டு, உங்கள் இடத்தில் இருக்கிறதா, ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம். நம் வீட்டில் எழுத்து வேலை எப்போதும் என்னுடையது, பேனா என் கையில் இருந்தது. பியூ தேநீரைக் கலக்கிக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லலம்மா, சொல்லவும் கூடாது. ஆனா மூணாவது கட்டம்னு ஒண்ணு சும்மா அச்சடிக்க மாட்டாங்க" என்றார். அப்பா, "தெரியாதுன்னு போடு. நான் என்ன செடி கொடி படிச்சவனா, கரி வெட்டுனவன்" என்றார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து டெக்வென் அத்தை, "அண்ணி, நீங்க கட்டத்துல ஒரு குறிதான் போடப் போறீங்க, நியாயத்தீர்ப்பு நாள்ல சாட்சி சொல்லப் போகல" என்றாள். பியூ சிரித்துவிட்டார், அப்பாவும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை ரோத்ரி. என் வீட்டுக்குறிப்பு நோட்டில் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் அப்பா பெயர் போட்டு ஒரு வரி இருக்கிறது, ஹெவின் சிவப்பு முளை வெட்டினார், மூன்று பை, நான்கு பை என்று. அதே கையால் தெரியாது என்று எழுத வரவில்லை. ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன். அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, "நீ ஆண்டவருக்கு நல்லவளாயிட்ட. நான் எப்படிக் கீழ இறங்குறது?" என்றார்.

வாங்க வந்த வாத்தியார் தம்பதிக்கு, படிவத்தில் அந்தக் குறியைப் பார்த்ததும் வங்கி கடன் தர மறுத்துவிட்டது. நல்ல பிள்ளைகள், மன்னிப்புக் கேட்டு ஒரு அட்டை அனுப்பினார்கள். மருந்தடித்து, பத்து வருஷ உத்தரவாதச் சீட்டு வாங்கினால் வங்கி இறங்கி வருமாம். ஆனால் செடி தழைத்து இலை விட்ட பிறகுதான் மருந்து வேலை செய்யும், கோடை முடிகிறபோது முதல் முறை, அப்புறம் நான்கைந்து வருஷம், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்த வருஷங்கள் அப்பாவிடம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். இதோடு போகவில்லை. நம் வேலியிலிருந்து பக்கத்து வீட்டு மோர்வித்தின் சுவர் இரண்டு மீட்டர்கூட இல்லை. அவளும் வீட்டை விற்றுவிட்டு கார்டிஃபில் மகளோடு போய் இருக்க ஏற்பாடு செய்திருந்தாள், எனக்கு அது தெரிந்தும் அன்று மேசையில் அவள் நினைவே வரவில்லை. அவள் வீட்டை வாங்க இருந்தவர்களும் நம் வீட்டுச் சேதி கேட்டு விலகிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள், "உண்மை பேசணும்னா உன் வீட்டைப் பத்தி மட்டும் பேசியிருக்கலாமே ஒல்வென், என் வீட்டையும் சேர்த்துல்ல பேசிட்ட." சபையில் முப்பத்தொரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தில் பாடியவள், இப்போது மூன்று வரிசை முன்னால் போய் உட்காருகிறாள். போதகர் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

தெரியாது என்று போட்டிருக்கலாமேம்மா என்று நீ கேட்டாய். உன்மேல் வருத்தமில்லை, ஊரே அதைத்தான் கேட்கிறது. நான் பெருமைக்கு எழுதவில்லை மகனே. பத்தொன்பது ஏப்ரலாக அது மோர்வித்தின் சுவருக்கடியில் போவதைப் பார்த்துக்கொண்டு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாதவள்தான் நானும். அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மருந்தடித்து முடித்திருக்கலாம். என் உண்மை இத்தனை தாமதமாக வந்து அடுத்தவளின் வீட்டைக் கெடுத்தது. இதை அவளிடம் போய்ச் சொன்னேன், கதவைத் திறந்தாள், கேட்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வான்சியில் ஒருவர் வங்கிக் கடன் இல்லாமல் கையில் பணம் வைத்து இந்த மாதிரி வீடுகளை வாங்குகிறார். எண்பத்தெட்டாயிரம் பவுண்டு சொன்ன வீட்டுக்கு ஐம்பத்தோராயிரம் தருகிறார், இந்த மாதக் கடைசிவரை காத்திருப்பாராம். மீதி வங்கிக் கடனை அடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தால் அப்பாவின் காலம்வரை ஓடும், என் காலத்துக்கும் கொஞ்சம் வரும். உனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. நீ அங்கே வீடு கட்டும்போது தருவதாக அப்பா உனக்கு வாக்குக் கொடுத்த பங்கு அதோடு போய்விடும். அதனால்தான் ஸ்வான்சிக்காரர் அனுப்பிய ஒப்பந்தத் தாள் அப்பா கையெழுத்துப் போடாமல் ஒரு வாரமாக மேசையிலேயே கிடக்கிறது. "அது பையன் பங்கு. அவன் வாயால சொல்லாம நான் பேனாவத் தொட மாட்டேன்" என்கிறார். போனில் கேளுங்கள் என்றால் மூச்சு வாங்குகிறது என்கிறார். மூச்சு மட்டும் இல்லை, கூச்சமும்தான். பகல் முழுக்கப் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வெற்று மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை படியெல்லாம் பனி உறைந்து கிடந்தது, தபால்காரரே மேலே வரவில்லை. அன்று அப்பாவுக்கு மூச்சு முட்டியிருந்தால் யார் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்து நான் தூங்கவில்லை.

நீ காலை வேளை சாப்பிடாமல் வேலைக்குப் போவதாக ஆனா சொன்னாள், அப்படிச் செய்யாதே, உனக்கும் அப்பாவின் நெஞ்சுதான். அவளுக்குப் பின்னிய மேலாடையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கை நீளம் சரியா என்று பார்க்கச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. உனக்கு மனதில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் கடிதம் எனக்கு வேண்டாம், உறைமேல் அப்பா பெயர் போட்டு அவருக்கே எழுது. விற்கலாம், வேண்டாம், இரண்டில் ஒன்று. தபால் வர எட்டு நாள் ஆகிறது, சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஒல்வென்