சுந்தர்சிங்கின் முகம்

ஜனவரி 8, திங்கள். மார்த்தாண்டம்

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வள்ளுவர் சிலையை வரைந்து கொடுத்திருக்கிறது. எல்லாப் படத்திலும் இடுப்பு கம்பு மாதிரி நேராக இருக்கிறது. ஒரு பஸ் ஏறினால் கன்னியாகுமரியில் அது ஒரு பக்கம் ஒசிந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தச் சிலையோடு செல்பி எடுக்காத பிள்ளை கிடையாது, சிலையைப் பார்த்த பிள்ளையும் கிடையாது. டிராயிங் டீச்சரின் தலையெழுத்து இது.

ராஜஸ்தான் டிக்கெட்டை மகன் ரெனிஷ் போட்டுவிட்டான். இவர்தான் (ஞானதாசன், என் வீட்டுக்காரர்) முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். "சவுதியில வேண்டிய மட்டும் மணலு தின்னாச்சு. இனி காசு குடுத்து அதப் போய்ப் பாக்கணுமாக்கும்?" வீட்டில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விடுவேனா?

ஜனவரி 14, ஞாயிறு

அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணமே.

எழுபத்தொன்று சண்டையில் அப்பா எல்லையில் இறந்தபோது நான் வயிற்றில். உடல் வரவில்லை. சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல்லும் இல்லை. இருந்த ஒரே கல்யாணப் போட்டோவைக் கறையான் தின்றுவிட்டது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

பட்டாளத்திலிருந்து கிறிஸ்துமஸ் லீவில் வந்த பக்கத்து வீட்டு எபின்தான் அந்தச் செய்தியைச் சொன்னான். ஜெய்சல்மேருக்கு அப்பால் ஒரு கிராமத்தார், அந்தச் சண்டையில் இறந்தவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்களாம். ஒன்றின் கீழே 'சுந்தர்சிங், கன்னியாகுமரி' என்று இருந்ததாம். மாலைகளுக்குள்ளே முகம் தெரியவில்லை என்றான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவிய முகம் எனக்கு மறந்து போச்சு மக்கா. இத நான் ஆருட்ட போய்ச் சொல்லுவேன்? கண்ணு தெரியும்போ ஒருக்கா பாக்கணும். போட்டோ எடுத்துட்டு வா."

ஜனவரி 23, செவ்வாய். ஜெய்சல்மேர்

ரவுண்டானாவுக்கு ரவுண்டானா சிமெண்ட் ஒட்டகம். அதைச் சுற்றி நிஜ ஒட்டகம் வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. சிலையைவிட அதற்குத்தான் நல்ல முகவெட்டு.

மாலையில் ராஜாக்களின் நினைவு மண்டபங்கள். பொன்னிறக் கல்லில் குடை குடையாக நிற்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை, காற்றுதான். ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு அழகு எதற்கு? ஆள் இல்லாததால்தானோ? அம்மாவுக்குப் போய் நிற்க இப்படி ஒரு குடை கிடைத்திருந்தால் என்று தோன்றியது. இவர் செருப்பைத் தட்டிக்கொண்டே, "எங்க போனாலும் மணலு" என்றார்.

ஜனவரி 24, புதன்

கண்டுபிடித்துவிட்டோம். ஒரு மரத்தடியில் வரிசையாக மார்பளவுச் சிலைகள். கடைசிச் சிலைக்குக் கீழே அப்பாவின் பெயரும் ஊரும். இவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் மாலையை விலக்கினேன்.

தலைப்பாகை. நெஞ்சு வரை தாடி. முறுக்கு மீசை. ஒரு சர்தார்ஜி.

ஊர்க்காரர்கள் விளக்கினார்கள்: மற்றவர்களுக்குப் போட்டோ கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பெயரில் 'சிங்' இருந்ததே என்று சிற்பி இப்படிச் செய்துவிட்டாராம். எங்கள் பக்கம், பஞ்சாபிலிருந்து வந்து பிரசங்கம் செய்த கிறிஸ்தவத் துறவி சாது சுந்தர்சிங்கின் பெயரைச் சபைக்கு நாலு பேருக்கு வைத்திருப்பார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கேயே சிரித்துவிட்டேன். வண்டியில் ஏறியதும் அழுகை வந்தது. இதுக்கா இம்பிட்டு தூரம் வந்தேன்? ஆரோ ஒருத்தருக்க தாடியப் பாக்கவா?

ஆனால் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். தலையில் முக்காடிட்ட ஒரு பெண் தினமும் வந்து அந்த முகங்களிலிருந்து மணலைத் துடைக்கிறாள். நான் மகள் என்று தெரிந்ததும் டீ குடிக்காமல் விடமாட்டேன் என்றுவிட்டாள். போட்டோ கொடுங்கள், முகத்தை மாற்றிவிடுகிறோம் என்கிறார்கள் ஊரார். போட்டோ இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

ஜனவரி 25, வியாழன்

ரயில். அம்மாவிடம் என்ன சொல்ல?

பிப்ரவரி 4, ஞாயிறு. மார்த்தாண்டம்

அம்மாவிடம் போனில் சிலையைக் காட்டினேன். "இது ஆரு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்திருந்தேன்.

"அவியளுக்குத் தாடி ஒழுங்கா மொளைக்கவே செய்யாது," என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பள்ளிக்கூடத்துல படம்தானே வரைய படிப்பிக்கே? அப்பம் வரை" என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், "மூக்கு மாதிரிதான் இருக்கும்" என்கிறாள். நாலு தாள் கிழித்தாயிற்று. எல்லாவற்றுக்கும் "இது இல்ல." எது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் எரிச்சல், அவளுக்கும் எரிச்சல். கோபித்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று மூக்கையும் வாயையும் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசியாகக் கிளம்பிப் போன அன்று அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"பூட்ஸத் தேடிட்டு நின்னாவ. ஒண்ண நாயி இழுத்துட்டுப் போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏசவும் முடியல்ல, சிரிக்கவும் முடியல்ல அவியளுக்கு."

அந்த முகத்தை வரைந்தேன். தாழ்ந்த கண், ஒரு பக்கமாய்க் கடித்த உதடு. அம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இதுதான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"பஸ்ஸு போயிரும்," என்றாள் படத்தைப் பார்த்து.

இது அப்பாவா, அம்மாவின் ஆசையா, என் கைப்பழக்கமா? தெரியாது. படத்தை அந்த ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

வாட்ஸ்அப்பில் சிலையின் படம் வந்தது. முகத்தை மாற்றிவிட்டார்கள். நன்றாகவே செய்திருக்கிறார் சிற்பி, உதட்டைக்கூட விடவில்லை. ஆனால் தலையில் சிவப்புத் துணியில் ஒரு நிஜத் தலைப்பாகை. இவர் போன் போட்டு விசாரித்தார். அந்த முக்காடுப் பெண்ணின் வேலையாம். மரியாதைப்பட்டவரை வெறுந்தலையோடு நிறுத்துவதா என்று கேட்டாளாம்.

"அவுக்கச் சொல்லணுமா அத்தை?" என்று இவர் கேட்டதற்கு அம்மா, "வேண்டாம். வெயிலு கொள்ளாண்டாம்" என்றாள்.

பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"எம்பிட்டு சின்னப் பிள்ளையா இருக்காவ. நான் இப்பம் முன்னால போய் நின்னா, அவியளுக்கு என்னைய ஆளு தெரியுமா மக்கா?"

தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து, முடியை ஒதுக்கித் திரும்பக் கட்டினாள்.