சதாசிவன் சொல்ல வேண்டிய பதில்

கொல்லயில்,
20.8.1959

அன்பு மகள் ஓமனாவுக்கு அப்பா ராஜையா எழுதுவது.

உன் அம்மாவின் கண்ணையும் வாயையும் தள்ளிவைத்தால் இங்கே மற்றதெல்லாம் சுகம். பசு சுகம். தெங்குகள் சுகம். பஸ்ஸில் என் விசிலுக்குப் பயப்பட இன்னும் ஒன்றிரண்டு பேர் உண்டு என்பதால் நானும் சுகம்.

நீ வேலை பார்க்கும் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் செய்த அம்மாவின் ரத்தப் பரிசோதனை பற்றி நீ எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. ஏழாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஒரே வருஷத்தில் ஓடிப்போனவர்களைவிட அந்த வகுப்பை நன்றாக அறிந்தவன். ஆனாலும் ஆன்டிபாடி என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இக்னேஷியஸிடம் காட்டினேன். “இது லாரிக்கு மேல கட்டுத பாடியாக்கும் அண்ணே” என்று அடித்துச் சொன்னான். பிறகு நானே திரும்பத் திரும்ப வாசித்துப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே இருந்து வரும் கிருமியை எதிர்க்க ரத்தம் உண்டாக்குகிற காவல் சரக்கு அது. அம்மாவின் ரத்தத்தில் அது ஆள் தெரியாமல், கண்ணீர் ஊறும் இடத்தையும் எச்சில் ஊறும் இடத்தையும் அந்நியன் என்று எண்ணிவிட்டது. அவள் ரத்தத்தின் தெளிநீரை ஒரு பக்கமும் சுரப்பியின் சாற்றை மறுபக்கமும் வைத்தபோது, இரண்டும் சந்தித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது என்று எழுதியிருந்தாய். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் களியக்காவிளைப் பக்கம் ஒரு கோடு விழுந்ததே, நேற்றுவரை நம் ஆளாக இருந்தவன் அன்றைக்கு அடுத்த ராஜ்ஜியக்காரன் ஆனானே. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்ட நாட்களில் காவலுக்கு இருந்த போலீசே வீடு புகுந்து அடித்ததையும் பார்த்தவர்கள் நாங்கள்.

இந்த ஆன்டிபாடிதான் சுரப்பியைக் கெடுத்ததா, சுரப்பி கெட்டபிறகு இது வந்ததா என்று இன்னும் யாருக்கும் உறுதியில்லை, இது குற்றவாளியா வெறும் சாட்சியா என்று சொல்ல முடியாது என்று உங்கள் டாக்டர் சொன்னாராமே. அவரிடம் என் நமஸ்காரம் சொல். எனக்குச் சாட்சி போதும். குற்றவாளியை எனக்குத் தெரியும். அவன் காரோடு ஊரில் ஓட்டு வீட்டில் இருக்கிறான், உன் அம்மாவின் மூத்த அண்ணன் சதாசிவன்.

ஐம்பத்துநாலில் அந்தப் போராட்டத்தில் உன் சின்ன மாமா பொன்னையன் அடிபட்டுச் செத்தபோது நீ படிப்புக்குப் போயிருந்தாய். நடந்ததை யாரும் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் உடன்பிறந்தவள் விழுந்து அழுது ஒப்பாரி எடுத்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். முற்றம் நிறைய ஆள். கொடி பிடித்து வந்த கூட்டம் வேறு. உன் அம்மா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண் சிவந்து மிளகாய்ப் பழம்போல இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை. ஒப்பாரி எடுக்க வாயைத் திறந்தாள், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி முதுகில் தட்டிக்கூடப் பார்த்தாள்.

அப்போதுதான் சதாசிவன் எழுந்து, என்னைப் பார்த்து எல்லாரும் கேட்கச் சொன்னான்: “எலே ராஜையா, இவள வெளிய கூட்டிட்டுப் போ. சர்க்காரு சோறு தின்ன வாயில ஒப்பாரி வராது.”

நான் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர். அதுதான் நான் செய்த துரோகம். அந்த சர்க்கார் போலீசு அவள் தம்பியை அடித்துக் கொன்றதற்கு அவள் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறாள் என்று பேச்சு பரவியது. அன்றுமுதல் தம்பியின் கல்லறையில் விளக்கு வைக்க அவளுக்கு அனுமதியில்லை. சதாசிவன் போராடிக் கேட்ட எல்லை கிடைக்கவில்லை, மைக் கிடைத்தது. வருஷந்தோறும் நினைவுநாளில் கல்லறைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, “கூடப்பிறந்த பிறப்பே ஒரு சொட்டு கண்ணீர் விடாத தியாகியாக்கும் என் தம்பி” என்று முழங்குகிறான். ஜனங்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். உன் அம்மா அந்த நாளில் தொழுத்தில் பசுவோடு நின்றுகொள்வாள்.

இந்த வருஷம் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போனேன். மை ஒற்றும் தாளையும் நீளமாக நறுக்கி எடுத்துக்கொண்டேன். மெட்ராசில் அம்மாவின் கீழ் இமையில் தாளைச் செருகி, அது நனையவே இல்லை என்று காட்டினீர்களே, அதே வித்தை. சதாசிவன் மேடையில் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் ஏறிப்போய், “மக்களே, இந்தத் தாளை முதலில் இவர் கண்ணில் வைப்போம்” என்று சொல்ல வேண்டும். பிறகு உன் கடிதத்தை வாசிக்க வேண்டும். டிக்கெட் கேட்பதைத் தவிர வேறு பிரசங்கம் செய்து பழக்கமில்லாதவன், வழிநெடுக வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.

அவன் வழக்கமான இடத்துக்கு வந்தான். நான் எழுந்தும்விட்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில் அவன் மகள் பிரேமகுமாரியைப் பார்த்தேன். மடியில் ஒரு சோடாக்குப்பியில் தண்ணீர். ஒரு வாய் குடிக்கிறாள், உதட்டை நனைக்கிறாள், மறுபடியும் குடிக்கிறாள். கண் அதே மிளகாய்ச் சிவப்பு. சுற்றிலும் பெண்கள் அழும்போது அவள் மட்டும் இமையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா விஜயம்மா தொடையில் கிள்ளினாள், “அழுடீ, ஆளுவ பாக்குது” என்று. பிள்ளை முகத்தைச் சுளித்ததே தவிர ஒன்றும் வரவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். இரக்கத்தால் என்று நினைக்காதே. மேடையில் ஏறுவதைவிட நல்ல பழி கண்முன்னே இருக்கிறது என்று உட்கார்ந்தேன். நாளைக்கு இவன் செத்துக் கிடக்கும்போது சொந்த மகள் தலைமாட்டில் ஒரு சொட்டு இல்லாமல் உட்காரட்டும். ஊர் பேசட்டும். பிறகு டியூட்டிக்கு ஏறி பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தில் இரண்டு பேருக்கு டிக்கெட் கிழிக்க மறந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அந்தப் பிள்ளைக்கும் கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்டமாதிரி இருக்குமே” என்றாள். “நீங்க சிரிச்சிட்டு வந்து நிக்கியளே” என்றாள். பிறகு என்னோடு பேச்சில்லை. எனக்குச் சோறும் உண்டு, கறியும் உண்டு, பேச்சு மட்டும் இல்லை. அவள் பேசாமல் இருந்தால் இந்த வீட்டில் என் சத்தம்தான் கேட்கிறது, அதை என்னாலேயே சகிக்க முடியவில்லை.

நேற்று விஜயம்மா பாறசாலையில் என் பஸ்ஸில் ஏறினாள். அம்மாதான் யாரிடமோ சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “அண்ணே, உங்க அம்மிணிக்கு மெட்ராசுல என்னவோ கண்டுபிடிச்சாவளாமே. எங்க பிள்ளைக்கு ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கு தண்ணி இல்லாம இறங்கல்ல. கல்யாணம் பேசி வச்சிருக்கு.” சதாசிவன் சம்மதிப்பானா என்றேன். “அவர நான் கொண்டு வாறேன், நீங்க பிள்ளைய காட்ட வழி சொல்லுங்க” என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் அப்பனும் மகளும் மெட்ராசுக்கு வருவார்கள். டாக்டரிடம் நேரம் கேட்டு வை. பிரேமகுமாரிக்கு அதே நோய்தானா என்று பார்த்தால்தானே தெரியும். ரத்தம் எடுக்கட்டும், தாள் வைக்கட்டும். நம்முடைய பிள்ளையாக எண்ணிப் பார். அம்மாவுக்குத் தரும் கண்மருந்தில் அவளுக்கும் ஒரு குப்பி கொடுத்துவிடு. இதைச் சொல்லத்தான் அம்மா என்னிடம் மறுபடி வாய் திறந்தாள், அவள் சொல்லி எழுதுவது. பக்கத்தில்தான் நிற்கிறாள், நான் இதைச் சரியாக எழுதுகிறேனா என்று.

இனி எழுதுவது, அவள் பசுவுக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரத்தில் நான் எழுதுவது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இதுபோல உண்டா என்று டாக்டர் முதலில் கேட்பார் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க விடாதே. சதாசிவனிடம் கேட்கச் சொல். டாக்டருக்குப் பதில் தெரிந்தாலும் கேட்க வேண்டும். நீ பக்கத்தில் நில், நர்ஸ் உடுப்போடு நில், ஆனால் வாயைத் திறக்காதே. அவன் சுவரைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான், உன்னைப் பார்ப்பான். எடுத்துக் கொடுக்காதே மக்கா. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். ‘என் தங்கச்சி அம்மிணிக்கு உண்டு, அவ கண்ணில தண்ணி வராது’ என்று அவன் வாயாலேயே, பெற்ற மகள் கேட்கச் சொல்லட்டும்.

சொன்ன பிறகு அவனுக்கு ஒரு தம்ளர் காப்பி வாங்கிக் கொடு. ஊருக்கு வந்து, தம்பி கல்லறையில் அம்மா விளக்கு வைப்பதைப் பற்றி அவனாகப் பேசுகிறானா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கண்ணும் வாயும் எந்நாளும் ஈரமாக இருக்கட்டும்.

அப்பா,
ராஜையா