வார்டு உறுப்பினர் கூச்சமின்றி மனம் மாற வழி கோரி

அனுப்புநர்:
உரிமையாளர், காலணிக் கடை,
கடைவீதி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைவீதித் தடுப்புச்சுவரில் ஆள் நடக்க வழி திறப்பதும், அதற்காக எங்கள் வார்டு உறுப்பினர் மனம் மாற இடம் கொடுப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடைபாதையில் செருப்பு விரித்து விற்று, இன்று மூன்று ஷட்டர் வைத்த கடை நடத்துகிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பதுதான் எங்கள் தெருவின் குறையே. சாலை நடுவிலுள்ள தடுப்புச்சுவரில் என் கடைக்கு நேரே இருந்த இடைவெளி நான்கு மாதங்களுக்கு முன் மூடப்பட்டது. எதிர்ச்சாரிக்குப் போக இப்போது அரைக் கிலோமீட்டர் நடந்து, முனையில் திரும்பி, மறுபடி அரைக் கிலோமீட்டர் வர வேண்டும்.

2. உறுப்பினர் முதலில் மூட மாட்டோம் என்றார். விபத்து நடக்கவே, மூடுவோம் என்றார். மூடிய மறுவாரம், ஆள் நடக்க மட்டும் வழி விடலாம் என்றார். நகராட்சிப் பொறியாளர் முகம் சுளித்ததும், யோசிக்கிறேன் என்றார்.

3. தள்ளுபடி எழுதும் கரும்பலகை ஒன்று என் கடை வாசலில் உண்டு. அதில் தினமும் காலையில் ‘உறுப்பினரின் இன்றைய முடிவு’ என்று தலைப்பிட்டு, ‘திறப்பு’ அல்லது ‘மூடல்’ என்று எழுதி, கீழே ‘மாலை வரை மட்டும்’ என்றும் சேர்த்தேன். தெருவே சிரித்தது. டீக்கடையில் அவருக்கு ‘ஷட்டர்’ என்று பேர் வைத்தார்கள். பலகையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். கடையில் கூட்டமும் கூடியது; மறைப்பானேன்.

4. போன வாரம் உறுப்பினர் வந்தார். செருப்பு வாங்க அல்ல. பலகையை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, “அண்ணே, வழி விடணும்னு எனக்கும் தெரியுது. இனிமே மாத்துனா என்னைத் தெருவுல நடக்க விடுவீங்களா? மூடுனது மூடுனதுதான்” என்று சொல்லிப் போய்விட்டார். மனிதர் முதல் தடவையாக ஒரே முடிவில் நிற்கிறார். அதுவும் தவறான முடிவில்.

5. என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகிறது. கால் பயிற்சி மையம் எங்களுக்கு நேர் எதிரே. கல்லாவிலிருந்தே அதன் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். அவளால் அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது, ஆட்டோவில் ஏறக் காலை மடக்கவும் முடியாது. மூன்று முறை பயிற்சி தவறிவிட்டது. இனியும் தவறினால் கால் மடங்காமலே போய்விடும் என்கிறார் மருத்துவர்.

6. உறுப்பினர் சொன்னதை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “கடைக்குள்ள ‘ஏழு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம்’னு எழுதி வெச்சிருக்கீங்க. பதினோரு ஜோடி போட்டுப் பாத்துட்டு முதல் ஜோடிக்கே திரும்பி வர்றவங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கறீங்க. அந்த மனுஷன் மாத்துனா மட்டும் வாசல்ல பலகையா?” என்றாள். நான் செருப்புப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டேன்.

7. இன்னொன்று. அந்த இடைவெளியை மூடச் சொல்லிச் சென்ற ஆண்டு வியாபாரிகள் தந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அங்கே திரும்பிய வண்டிகள் என் வாடிக்கையாளர்களின் வண்டிகளை உரசிக்கொண்டிருந்தன. கோப்பில் நீங்களே பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

8. ஆகவே, வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில், ஊன்றுகோலோடு ஒருவர் நடந்து போகும் அகலத்துக்கு மட்டும் வழி திறக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர் அதற்குக் கை தூக்கினால், ‘மனம் மாறினார்’ என்று குறிப்பேட்டில் எழுத வேண்டாம். ‘செருப்புக்கடைக்காரரின் நச்சரிப்பால்’ என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் பழி என் அளவுக்குச் சரியாக இருக்கும்.

9. பலகையை நேற்றே துடைத்துவிட்டேன். இப்போது அதில் இருப்பது ஒரே வரி: ‘முடிவை மாற்றிக்கொண்டவர்: கடைக்காரர்.’ தெரு சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. வழி திறக்கும் வரை அதை அழிக்க மாட்டேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: கடைவீதி, மூடிய இடைவெளிக்கு நேர் எதிரே

இப்படிக்கு,
சென்ற ஆண்டு மனுவில் முதல் கையெழுத்திட்டவன்
(காலணிக் கடை உரிமையாளர்)

இணைப்பு: கரும்பலகையின் புகைப்படம், பழையது ஒன்று, புதியது ஒன்று.