ஒன்பதாம் பகுதியில் நீக்கிய வசனம்

ஹோபார்ட்
14 பிப்ரவரி 2019

அன்புள்ள பிரைடிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதை எழுது.

‘நான்காம் மாடி’ தொலைக்காட்சித் தொடரின் அடுத்த பருவத்தில் ஒன்பதாம் பகுதிக்கு நீ எழுதிய கதைவசனத்தை உங்கள் நிறுவனம் எனக்கு அனுப்பியிருக்கிறது. அவர்களுடைய வழக்கறிஞன் என்ற முறையில் என்னிடம் வழக்கம்போலத் தடையில்லைச் சான்று கேட்கிறார்கள். உயிரோடிருக்கும் எவரையும் அதில் அடையாளம் காண இயலாது என்று நான் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் காப்பீட்டு நிறுவனம் அதைப் படமாக்க விடாது.

அதில் கான்ஸ்டன்ஸ் வீலன் என்றொரு தலைமை அறுவை மருத்துவர். மகள் ஓர்லா அவரிடமே பயிற்சி பெறுகிறாள். மருத்துவமனைக்குள் தாயை ‘டாக்டர் வீலன்’ என்றுதான் அழைக்க வேண்டும். ஒரு நாள் ஓர்லா தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது தாய் எல்லோர் முன்னிலையிலும் அவளை வெளியேற்றுகிறார். ஓர்லா மருத்துவத்தை விடுகிறாள். தாயோடு பேச்சையும் விடுகிறாள்.

நம் அம்மா தலைமை அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். நீ அவரிடம் பயிற்சி பெற்றாய். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

முறைப்படி நான் இந்த வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். விலகினால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் அந்தப் பாத்திரம் அம்மாதான் என்று நானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே விலகவில்லை. ஒற்றுமைகளை நீக்கும்படி உன்னைக் கேட்கிறேன்.

வீலன் அறுவை அறைப் பழக்கத்தில் வீட்டுச் சமையலறையிலும் குழாயை முழங்கையால் மூடுகிறார். இதை எடுத்துவிடு. அவர் யாரையும் பாராட்டமாட்டார், மிஞ்சிப்போனால் ‘தப்பில்ல’ என்பார். இதையும் எடுத்துவிடு. மகளை வெளியேற்றும்போது அவர் சொல்லும் வசனத்தையும் எடுக்க வேண்டும். அது கற்பனை அல்ல என்பதை நீயே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று தையலைக் குனிந்து பார்த்துவிட்டு “தப்பில்ல” என்றார். அந்த இளம் மருத்துவர் முகம் வாடிவிட்டது. அம்மா கொடுத்த மிக உயர்ந்த மதிப்பெண் அது என்று நடைக்கூடத்தில் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

அன்புடன்,
ரோவன்


மெல்பர்ன்
20 பிப்ரவரி 2019

ரோவன்,

நலமாகத்தான் இருக்கிறேன். மற்றதை விட்டுவிடலாமா?

முழங்கையை எடுத்துக்கொள். ‘தப்பில்ல’ என்பதையும் எடுத்துக்கொள். வேண்டுமானால் வீலனுக்குச் சிவப்புத் தலைமுடி வைக்கிறேன், குதிரை வளர்க்கச் சொல்கிறேன், பியானோ வாசிக்க வைக்கிறேன். அந்த வசனத்தை மட்டும் தரமாட்டேன்.

நீ அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். வயிற்றைத் திறந்து வேலை முடிந்து மூடுகிற நேரம். என் கை நடுங்கியது; முந்தின நாளும் வேலை, அதற்கு முந்தின நாளும் வேலை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகு தாதியிடமோ மயக்க மருத்துவரிடமோ, என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்னாள்: “யாராவது இந்தப் பொண்ண வெளிய கூட்டிட்டுப் போங்க.”

இந்தப் பொண்ணு. கடையில் எதையோ உடைத்த பிள்ளையைச் சொல்வதுபோல. ‘டாக்டர்’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது ஆண்டாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எழுத்தாளர் அறையில் அந்தக் காட்சியைப் படித்துக்காட்டினேன். தினமும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருக்கும் டெக்லன்கூடப் பேனாவைக் கீழே வைத்தான். அப்புறம் மெதுவாக, “உங்கம்மா கிறிஸ்துமஸுக்கு என்ன குடுப்பாங்க, தையல் நூலா?” என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த வசனம் இல்லாவிட்டால் அந்தப் பகுதியே இல்லை.

பிரைடி


ஹோபார்ட்
3 மார்ச் 2019

அன்புள்ள பிரைடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கருத்து மாறவில்லை.

ஒருவரை அடையாளம் காட்ட ஊர் முழுவதும் அவரைக் கண்டுகொள்ள வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. விவரம் தெரிந்த சிலர் கண்டுகொண்டால் போதும். அந்த அறையில் இருந்தவர்களுக்கு விவரம் தெரியும். தலைமுடியின் நிறத்தை மாற்றினாலும் அந்த வசனம் ஒன்றே போதும்.

அம்மா வழக்குத் தொடுப்பாரா என்று கேட்பாய். தொடுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பின் பேரில் காப்பீடு கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வழக்கறிஞனாகச் சொல்லவில்லை. இந்தத் தொடரை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அந்த வசனத்தை நீ அவர்களுக்காக எழுதவில்லை. ஒரே ஒருவர் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அவர் வீடு என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். தொலைபேசி எண்ணும் மாறவில்லை.

சென்ற வாரம் அம்மா வீட்டில் விறகு கொண்டுபோய்ப் போட்டேன். பக்கத்து வீட்டு க்ளெனிஸ் புதன்கிழமைதோறும் ‘நான்காம் மாடி’ பார்க்க அங்கே வருகிறாராம். அவர் வீட்டுத் தொலைக்காட்சி சிறியது. தான் பார்ப்பதில்லை என்றார் அம்மா. “வேஷம் போட்ட டாக்டருங்கள எதுக்குப் பாக்கணும்? நெசமாவே டாக்டரு வேஷம் போட்டவங்களோட முப்பது வருசம் வேல பாத்தாச்சு.” ஆனால் க்ளெனிஸ் ஏதோ ஒரு பாத்திரத்தின் பெயரை மறந்தபோது எடுத்துக்கொடுத்தது அம்மாதான்.

வசனம் நீக்கப்பட்டால் அன்றே கையொப்பமிடுகிறேன்.

அன்புடன்,
ரோவன்


மெல்பர்ன்
9 மார்ச் 2019

திரு. ரோவன் பாஸ்கோ அவர்களுக்கு,

வசனம் நீக்கப்பட்டது. திருத்திய காட்சி இணைப்பில் உள்ளது. இப்போது வீலன் எதுவும் பேசுவதில்லை. கையை நீட்டுகிறார், ஓர்லா ஊசிப்பிடியை அதில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். மௌனம் இன்னும் வலுவாக இருக்கிறது என்கிறார் இயக்குநர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மாவின் வீட்டு வழி எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்த கடைசி ஞாயிறன்று அவள் என்னைத் தவிர எல்லோருக்கும் உருளைக்கிழங்கு பரிமாறினாள். நீ உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தொலைபேசியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

சான்றை நிறுவனத்துக்கு நேராக அனுப்பவும். இனி அலுவல் கடிதங்கள் போதும்.

பி. பாஸ்கோ
கதைவசனப் பிரிவு


ஹோபார்ட்
22 ஆகஸ்ட் 2019

அன்புள்ள பிரைடிக்கு,

அலுவல் கடிதங்கள் போதும் என்று எழுதியிருந்தாய். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கே தெளிவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்; வீடு திரும்பியதும் குறித்துக்கொண்டேன், ஆகவே பேசிய சொற்கள் ஏறத்தாழ அவையே.

நேற்று புதன்கிழமை. ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பாகும் நாள் என்று தெரிந்துதான் போனேன். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. க்ளெனிஸ் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்திருந்தார். அம்மா காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி, பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார்.

தொடக்கத்தில் அம்மாவின் வழக்கமான விமரிசனம்தான்.

“அவன் முகக்கவசம் மூக்குக்குக் கீழ தொங்குது பாரு.”

“மூஞ்சி தெரியலன்னா சம்பளம் குடுக்கமாட்டாங்க, ஜூடித்,” என்றார் க்ளெனிஸ்.

“நோயாளிக்குச் சீழ் புடிச்சா அந்தச் சம்பளத்துல பாப்பாங்களா?”

“பாவம், அவனும் நடிகன்தானே. அடுத்த வாரம் எழுந்து காப்பி விளம்பரத்துல வருவான்.”

வீலன் வந்ததும் செய்தித்தாள் கீழே இறங்கியது. க்ளெனிஸ், “இந்தப் பொம்பளக்கி நெஞ்சுல என்ன, ஐஸ்பெட்டியா இருக்கு? பெத்த பொண்ணு டாக்டர்னு கூப்பிடணுமாம்,” என்றார். மகள் தையல் போடும் காட்சி வந்தது. வீலன் கையை நீட்டினார். ஓர்லா ஊசிப்பிடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கதவு ஆடி நின்றது. விளம்பரம் போட்டார்கள்.

அம்மா சொன்னார்: “இல்ல. அவ அங்க ஏதோ சொல்லியிருப்பா. எடுத்துட்டாங்க.”

“சும்மா இருக்கறது நல்லாத்தானே இருந்துச்சு,” என்றார் க்ளெனிஸ். “எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.”

“சும்மா இருந்திருக்கமாட்டா. யாரு எடுத்தது?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “வக்கீலுங்க எடுத்திருக்கலாம்,” என்றேன்.

“வக்கீலுக்கு என்ன தெரியும்? வெச்சிருக்கலாம்.”

என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்பதில்லை என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “‘யாராவது என் பொண்ண வெளிய கூட்டிட்டுப் போங்க’ன்னு. வேற என்ன சொல்லுவா? அந்தப் புள்ள நிக்க முடியாம நிக்குது.”

நீ எனக்கு எழுதியது ‘இந்தப் பொண்ண’. அம்மா சொன்னது ‘என் பொண்ண’. ஒரு சொல் வேறுபாடு. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டு சாட்சிகளுமே இந்த விஷயத்தில் சொந்த நலன் உள்ளவர்கள். ஒன்பது ஆண்டு கழிந்த நினைவு. முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து பேசிய பேச்சு. மருத்துவமனைக்குள் நீங்கள் தாயும் மகளும் அல்ல என்று விதி வைத்தவரும் அவரே. அந்த விதியை அவர் மீறியதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இது உன் பக்கத்துக்கு வலு. அவர் பக்கத்தில், நான் பார்த்தது ஒன்றுதான்: யோசிக்காமல் சொன்னார்.

என் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதைவசனத்தில் உள்ள எதைக் கொண்டும் எவரையும் அடையாளம் காண இயலாது என்று கையொப்பமிட்டேன். அதில் இல்லாததைக் கொண்டு ஒருவர் தன்னைக் கண்டுகொள்வார் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நிறுவனத்துக்கு இதைத் தெரிவிக்கும் கடமை எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பகுதி முடிந்து பெயர்கள் ஓடின. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவை முடியும்வரை பார்த்தார். பிறகு “தப்பில்ல” என்றார். க்ளெனிஸ் லாமிங்டனைச் சொல்கிறார் என்று நினைத்து, இந்தத் தடவை தேங்காய்த்தூள் கொஞ்சம் பழசு என்றார்.

உருளைக்கிழங்கைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று என் தட்டில் இருந்ததை உன் தட்டுக்கு மாற்றியிருக்கலாம். அதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

அன்புடன்,
ரோவன்


மெல்பர்ன்
27 ஆகஸ்ட் 2019

ரோவன்,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டெக்லன் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினான். “முகக்கவசம் போட்டுக்கிட்டுச் சொன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது,” என்றான். ஒன்றாகக் கேட்கவில்லை. அவன் நல்ல பையன், அவ்வளவுதான்.

அன்றைய மயக்க மருத்துவர் இப்போது பெர்த்தில் இருக்கிறார். அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அழைக்கவில்லை. அவர் ‘இந்த’ என்று சொல்லிவிட்டால் அம்மாவிடம் அந்த ‘என்’ இருக்காது. ‘என்’ என்று சொல்லிவிட்டால் இந்த ஒன்பது ஆண்டை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? எண்ணைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்கு இது சரியான நடைமுறையாகப் படாது.

என் காதில் இன்னும் ‘இந்தப் பொண்ணு’தான் கேட்கிறது. அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அம்மாவும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவளுக்குத் திடீரென்று எதுவும் பிடிக்காது. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு நீயும் வா. உருளைக்கிழங்கை நான் பரிமாறுகிறேன்.

உன் தங்கை,
பிரைடி