தாழியின் வாயைத் திறக்க

முகிலூர் நாடு செழிக்க. மலை மூன்றும் ஆறு இரண்டும் ஆளும் நெடுங்கோப் பெருமானின் திருவாணை தாங்கி, முதலமைச்சர் கண்டன் அமுதனார், அக்கரைக் கோட்டைக் காவலரும் வாள் பல வென்றவரும் வழக்கம் வழுவாதவருமான மாறன் எயினனாருக்கு எழுதுவிக்கும் ஓலை. விருது சொல்லாத ஓலையைத் தாங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பதாலேயே இவ்வளவும் எழுதப்பட்டது.

மன்னர் உயிரோடிருக்கிறார். சற்றுமுன் கஞ்சி குடித்து, உப்புப் போதவில்லையென்று கடிந்துகொண்டார்.

கோட்டைத் தொட்டியில் வாழும் உயிர்த்தவளையின் தொண்டை துடிக்கும்வரை மன்னரின் மூச்சும் ஓடும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அத்தொண்டை இன்று நின்றதாகவும், மன்னர் மாண்டார் என்று தாங்கள் துணிந்ததாகவும், மன்னர் மாண்டால் செய்யும் முறைப்படி தவளையோடு அதன் காவற்பெண் சாத்தியையும் தாழியில் இறக்கி, மாலை வெயில் மதிலைத் தொட்டதும் வாயைக் களிமண்ணால் அடைக்கப்போவதாகவும் ஓடக்காரன் வந்து சொன்னான். மன்னர் பிறந்தநாளென்று வழக்கப்படி மலைச்சுனை நீரைத் தொட்டியில் வார்த்ததன்றித் தான் ஒன்றும் அறியாள் என்று அவள் கதறினாளாம். ஐயகோ! இவ்வாண்டுப் பனியில் ஆட்டுக்குட்டிகளே விறைத்துச் செத்தன. அந்தச் சுனைநீர் எப்படி இருந்திருக்கும்!

உடனே அமைச்சர் அரண்மனை மருத்துவர் நாரணரை அழைத்துக் கேட்டார். தவளைக்கு நம்மைப்போல் விரிந்து மூச்சிழுக்கும் விலாக்கூடு இல்லையாம்; வாயின் அடியைக் கொல்லன் துருத்திபோல் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுமாம். அத்துருத்தியை இயக்குவது மூளையின் பின்கோடியில், பிடரியை ஒட்டிய தண்டு. கொக்கு கொத்தி முன்மூளை சிதைந்த தவளைக்கும் தொண்டை துடித்ததை அவர் கண்டிருக்கிறார்; பிடரி நசுங்கிய தவளைக்கோ துடிப்பே இல்லை. உடல் குளிர்ந்தால் காற்று அதிகம் வேண்டாம், ஈரத்தோல் வழியே வருவதே போதும். அப்போது அத்தண்டு துருத்தியை ஓயவிடும் என்றார்.

பனிநீரில் ஒரு தவளையை இட்டும் காட்டினார். தொண்டை மெல்ல அடங்கி நின்றது. இத்தனை கேட்டும் அமைச்சர் பதறிப்போய் மன்னரின் மார்பைத்தான் பார்த்தார். அது ஏறி இறங்கியது. தவளையை வெயிலில் வைத்தபின் அதன் தொண்டையும் துடித்தது.

ஆகவே தாழிக்குள் தவளை பிழைத்துக்கொள்ளும். சாத்திக்குத் தோலால் மூச்சு வாராது.

ஓலையை முழுதும் வாசிக்குமுன் கையசைப்பது குற்றம் என்னும் விதியை மன்னர் இவ்வோலைக்கு நீக்கினார். வாசிப்பவர் இங்கேயே நிறுத்தி ஓடுக. சம்மட்டி எடுக்க வேண்டாம், உள்ளே ஒருத்தியின் தலை இருக்கிறது. களிமண்ணைக் கையால் பெயர்க்க.

அரச முத்திரை இட்டாயிற்று. அரக்கு ஆறவில்லை, அது கோணிப் பதிந்திருந்தால் கள்ள ஓலையென்று ஐயுற வேண்டாம், அமைச்சர் அவசரத்தில் அழுத்தினார். அவள் மூச்சு விட்டதும் கோட்டை முரசை ஒருமுறை அறைக. அமைச்சர் இக்கரைப் படித்துறையில் நிற்கிறார். வெயில் மதிலருகே வந்துவிட்டது.